மலைச்சரிவில் ஏழு வருஷம்: ஜேசிபி படியும் கல்வரப்பும்

ஒடுகத்தூரைத் தாண்டி, ஜவ்வாது மலைச் சரிவில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம். 100 அடி நடந்தால் 18 அடி இறக்கம். 2018 கோடையில் கீழ்ப்பாதியை ஜேசிபி வைத்துப் படிப்படியாக வெட்டினேன். மேல்பாதிக்கு வண்டி ஏறவில்லை. அங்கே கிடந்த கல்லையே பொறுக்கி, சரிவுக்குக் குறுக்கே, பூச்சு இல்லாமல் கல்வரப்பு அடுக்கினோம். இரண்டிலும் சாமை, நிலக்கடலை, துவரை என மாற்றி மாற்றிப் போட்டு ஏழு வருஷம் ஓடிவிட்டது.

ஜேசிபி வேலை இரண்டே நாள். பார்க்க அழகு, ஏர் ஓட்ட வசதி. பக்கத்து நிலத்துப் பெரியவர் மட்டும் வந்து பார்த்துவிட்டு, "இன்னாப்பா, மேல்மண்ண அடியில பொதச்சிட்டு எதுல வெதைக்கப் போற?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது.

ஆடியில் விதைத்த சாமை அவர் பக்கம் பேசியது. படியின் உள்பாதி, அதாவது மலையைக் குடைந்த பக்கம், வெறும் சரளை. பயிர் சாண் உயரத்திலேயே கதிர் தள்ளிவிட்டது. மண் கொட்டிய வெளிப்பாதியில் தொடை உயரம். அங்கேயும் மேலே கிடந்தது நல்ல மண் இல்லை. ஆனால் பொலபொலவென்று இருந்ததால் வேர் இறங்கிப் புதைந்த மண்ணைத் தொட்டுவிட்டது. மூன்று வருஷம் கழித்து மண் பரிசோதனைக்குக் கொடுத்தபோதும் உள்பாதியில் கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே, குறைவு என்றுதான் அட்டையில் வந்தது. தக்கைப்பூண்டைப் பசுந்தாள் உரமாக விதைத்து மடக்கி உழுது, எருவுக்காக ராத்திரியில் ஆடுகளை நிலத்திலேயே அடைத்து ஆட்டுக்கிடை போட்டு, இப்போதுதான் கடலை கொஞ்சம் திரட்சியாக வருகிறது.

இவ்வளவு சரிவுக்குப் படி வெட்டுவது தப்பில்லை. நான் வெட்டிய விதம்தான் தப்பு. மேலே ஒரு சாண் மண்ணை முதலில் வழித்து ஓரமாகக் குவித்து, அடிமண்ணில் படியை மட்டம் செய்து, அப்புறம் அந்த மண்ணைத் திரும்பப் பரப்ப வேண்டும். வண்டி வாடகை கூடும், கூடட்டும். இன்னொன்று, வாட்டம் மலையைப் பார்த்து உள்பக்கமாக இருந்து, அங்கே ஒரு வாய்க்காலும் ஓட வேண்டும். என்னுடையது வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. 2021 நவம்பரில் பாலாறு கரை கொள்ளாமல் போனதே, அந்த மழையில் இரண்டாவது படியின் விளிம்பு மொத்தமாகச் சரிந்து கீழே போய்விட்டது.

அதே மழையில் கல்வரப்பு இரண்டு இடத்தில்தான் வாய் பிளந்தது. கல் இடுக்கில் தண்ணீர் கசிந்து போய்விடும், மண் மட்டும் தங்கும். ஒரு மதியத்தில் திரும்ப அடுக்கிவிட்டோம். ஏழு வருஷத்தில் ஒவ்வொரு வரப்பின் மேட்டுப் பக்கத்திலும் முழங்கால் அளவு வண்டல் ஏறி, நிலம் தானாகவே படியாகிக்கொண்டு வருகிறது. ஐப்பசி மழை நின்ற பிறகும் அந்த இடத்துத் துவரை வாடுவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. கல் அடுக்கி முடிக்க மூன்று கோடை ஆனது, இடுப்பு போனது. இடுக்கெல்லாம் எலி, எலிக்குப் பின்னால் பாம்பு. சில இடத்தில் கல்லுக்குப் பதில் வெட்டிவேர் நட்டேன். நன்றாகத்தான் பிடித்தது, வேருக்கு விலை இருக்கிறது என்று யாரோ தோண்டிக்கொண்டு போனதில் வரப்பும் சேர்ந்து போனது.

முக்கியமான குறை வேறு. மண் மேலிருந்து நகர்ந்து அடுத்த வரப்பில் சேர்வதால், ஒவ்வொரு வரப்புக்கும் நேர் கீழே நாலு முழம் அகலத்துக்கு நிலம் மெலிந்துகொண்டே போகிறது. கடலைச் செடி அங்கே மஞ்சளடிக்கிறது. இந்தக் கோடையில் ஆட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், கிடை முழுக்க அந்தப் பட்டையில்தான்.