செவி 350 இன்டேக் மெனிஃபோல்ட் வேலை – அன்புவழிபுரம் பக்கத்து சின்ன கராஜ்

பெரியப்பாட 69ம் ஆண்டு செவர்லே கமாரோ கார் ஒரு வருசமா போர்டிக்கோவில ஒயில் சொட்டிக்கொண்டே நிண்டது. என்ஜின் செவி 350, வி8. கீழ கார்ட்போட் மட்டை போட்டா விடிய உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம் இருக்கும், சொட்டுறது சரியா என்ஜினும் கியர்பொக்ஸும் சேருற இடத்தில. முதல்ல வேற ஒரு இடத்தில காட்டினம், பேர் வேணாம், அவங்க குனிஞ்சு ஒரு தரம் பாத்திட்டு ரியர் மெயின் சீல் (கிராங்க் ஷாஃப்ட்ட பின் முனையில ஒயில் கசியாம மறிக்கிற வளையம்) போயிட்டுது எண்டு சொல்லி, ஒயில் சம்ப்ப இறக்கி, புது சீல் போட்டு, காசும் வாங்கினாங்க, ரெண்டு கிழமையில திரும்ப அதே வட்டம். பெரியப்பா அதுக்குப் பிறகு கார் சாவிய அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டிட்டார். அவர் அதைப் பற்றிக் கதைக்கிறதையே விட்டது எனக்கு சரியான கவலை.

அப்பதான் நிலாவெளியில இருக்கிற ஃப்ரெண்ட் ஒருத்தன் இந்த கராஜைச் சொன்னவன். திருகோணமலை அன்புவழிபுரத்தில உள் வீதி, போர்டும் இல்ல, ஒரு வேப்பமரமும் தகரக் கொட்டிலும்தான். வேலை செய்யிறது ஒரு அண்ணனும் ஒரு பொடியனும். உள்ளுக்கு நிண்டதெல்லாம் லான்சரும் ஹையேஸும், நான் போன உடன யோசிச்சன், இவருக்கு அமெரிக்கன் வி8 விளங்குமோ எண்டு. விளங்கினது. எப்பிடி எண்டு கீழ எழுதுறன்.

ஆள் ஒரு ஸ்பனரும் எடுக்கயில்ல முதல் நாள். என்ஜின்ட பின்பக்கத்த மண்ணெண்ணெய் போட்டு வடிவாக் கழுவி, காய விட்டு, பேபி பவுடர் டப்பாவ எடுத்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பின்னால இருந்து பெல் ஹவுசிங் (என்ஜினும் கியர்பொக்ஸும் சேருற இடத்துக் கூடு) வரைக்கும் தூவினார். பிறகு ஸ்டார்ட் பண்ணி இருபது நிமிசம் ஓட விட்டம். நிப்பாட்டிப் போட்டு பல்லு டொக்டர் வச்சிருக்கிற மாதிரி ஒரு சின்னக் கண்ணாடியையும் டோர்ச்சையும் என்ர கையில தந்து "தம்பி நீங்களே பாருங்க" எண்டார். வெள்ளைப் பவுடருக்கு நடுவில ஒரு பெருவிரல் அகலத்துக்கு ஈரக்கோடு, மேல இன்டேக் மெனிஃபோல்ட் எண்டு சொல்லுற, காபரேட்டரில இருந்து காத்தையும் பெற்றோலையும் சிலின்டர்களுக்குப் பிரிச்சுக் குடுக்கிற பாகத்திட பின் விளிம்பில தொடங்கி நேர கீழ இறங்குது. ரியர் மெயின் சீல் இருக்கிற இடத்துக்கு அது மேல இருந்துதான் வருது. அதைப் பாத்த உடன எனக்கு கோபமும் வந்தது நிம்மதியும் வந்தது.

தெரியாத ஆக்களுக்கு: இந்த என்ஜினில ரெண்டு ஹெட்டுக்கும் நடுவில ஒரு பள்ளத்தாக்கு மாதிரி இருக்கும், வால்வத் தள்ளுற லிஃப்டர் எல்லாம் அதுக்குள்ளதான், மெனிஃபோல்ட் அதுக்கு மூடி மாதிரி மேல உக்காரும். ரெண்டு பக்கமும் ஹெட்டோட சேருற இடத்துக்கு கேஸ்கட் இருக்கு. ஆனா முன்னுக்கும் பின்னுக்கும் புளொக்கில ஒரு தட்டையான சுவர், சைனா வோல் எண்டு சொல்லுவாங்க, அந்த இடத்துக்கு செட்டோட வாறது கோர்க் அல்லது ரப்பர் துண்டு. மெனிஃபோல்ட்ட இறுக்க இறுக்க அது ஒயில் பட்டு வழுக்கி வெளிய பிதுங்கும். எங்கட காரில கழட்டின நேரம் பின் கோர்க் நாக்கு மாதிரி வெளிய நீட்டிக்கொண்டு இருந்தது.

அதோட ஐடில் நிக்காத பிரச்சினையும் இருந்தது எங்களுக்கு. மெனிஃபோல்ட் ஹெட்டோட சேருற கேஸ்கட் ஓரமா காபரேட்டர் கிளீனர கொஞ்சம் கொஞ்சமா அடிச்சுக்கொண்டு போனார், 6ம் 8ம் சிலின்டர் பக்கம் வந்த உடன என்ஜின் சத்தம் மாறினது. காத்து உறிஞ்சுது எண்டு அர்த்தம். ஒரே வேலையில ரெண்டு வருத்தத்துக்கும் மருந்து.

கேஸ்கட் ஃபெல்-ப்ரோ, சிலிக்கன் பெர்மாடெக்ஸ் அல்ட்ரா பிளாக், ரெண்டும் டொரன்டோவில இருந்து மச்சான் வரேக்க கொண்டு வந்தது. செட்டோட வந்த கோர்க் துண்டுகள அண்ணன் எடுத்து ஒரு பக்கம் வச்சிட்டார், போடவே இல்ல, அந்த இடத்துக்கு சிலிக்கன் மட்டும்தான்.

நான் இந்த ரிவியூ எழுதுறதே துப்பரவாக்கின விதத்துக்குத்தான். ஒன்றரை நாள். மெனிஃபோல்ட் வார்ப்பிரும்பு, நானும் பொடியனும் சேர்ந்துதான் தூக்கினது. பள்ளத்துக்குள்ள அஞ்சு பழந்துணி அடைச்சாங்க, பொடியன் சுவரில சோக்கால 5 எண்டு எழுதி வச்சான், திரும்ப எடுக்கேக்க எண்ணி எடுத்துத்தான் அழிச்சான். கிரைண்டரில தேய்க்கிற டிஸ்க் போட்டா ஒரு மணித்தியாலத்தில முடியுமே எண்டு கேட்டன், அந்தப் பொடி ஒயிலுக்குள்ள விழுந்தா பெயாரிங் எல்லாத்தையும் அரிச்சுப் போடும் எண்டு சொல்லி பிளேடாலயே சுரண்டினார். கடைசியா பிரேக் கிளீனர் போட்ட வெள்ளைத் துணியால சைனா வோல துடைச்சு, துணி வெள்ளையாவே வரும் வரைக்கும் திரும்பத் திரும்ப துடைச்சார். ஹெட்டில இருந்து ஒயில் கசிஞ்சு கசிஞ்சு வரும், அதால பொறுமை இல்லாட்டி சிலிக்கன் பிடிக்காது.

இன்னொரு நல்ல யோசனையும் சொன்னவர். மெனிஃபோல்ட்ட நடுவால புகைச் சூடு போற ஒரு பாதை இருக்கு, குளிர் நாட்டில காபரேட்டர் சூடாக. எங்கட ஊர் வெயிலில அது பெற்றோல கொதிக்க வைக்கிற வேலைதான் செய்யும், அதால நடு ஓட்டைய தகடு வச்சு அடைப்பம் எண்டார். ஆனா ஒட்டோ சோக் (குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆக காபரேட்டருக்குப் போற காத்தைத் தானாக் குறைக்கிற மூடி) அந்தச் சூட்டிலதான் வேலை செய்யும், அது இருந்தா அடைக்கக் கூடாது எண்டும் அவரே சொன்னார். எங்கட கார் ஏற்கனவே மனுவல் சோக்குக்கு மாத்தினது, அதால அடைச்சம். நிலாவெளி ரோட்டில மத்தியானம் நிப்பாட்டிட்டு திரும்ப ஸ்டார்ட் பண்ணுற பாடு இப்ப இல்ல.

பூட்டினது மூண்டாம் நாள் விடிய. முதல்ல சிலிக்கன் இல்லாம சும்மா வச்சுப் பாத்து இடைவெளி சரியோ எண்டு பாத்தார். பிறகு தண்ணிப் பாதை ஓட்டைகளச் சுத்தி ரெண்டு பக்கமும் மெல்லிசா ஒரு பூச்சு, சைனா வோலில 6 மில்லிமீட்டர் தடிப்பில ஒரே கோடு, நாலு மூலையிலயும் கேஸ்கட்டுக்கு மேல ஏறுற மாதிரி. இந்தச் சிலிக்கன் காத்தில இருக்கிற ஈரத்தாலதான் இறுகும், கடல் பக்கத்து ஊர் எண்டபடியா இங்க கெதியா தோல் போடும், அதால எல்லாச் சாமானும் கைக்கு எட்ட வச்சிட்டுத்தான் டியூப்பத் திறந்தார். தலை வெட்டின நாலு போல்ட்ட மூலைக்கு மூலை வழிகாட்டியா முறுக்கி வச்சு, மெனிஃபோல்ட்ட நேர மேல இருந்து இறக்கினம், ஒரு நூல்கூட சரியாம. இங்கதான் கனபேர் பிழை விடுறது, மெனிஃபோல்ட்ட வச்சிட்டு அங்கயும் இங்கயும் அசைச்சா போட்ட கோடு எல்லாம் வழிச்சுப் போடும்.

சில போல்ட் ஓட்டை ஒயில் இருக்கிற இடம் வரைக்கும் போகும், அதால புரியில எல்லாம் சீலர் பூசினார். 12 போல்ட், நடுவில இருந்து வெளிப்பக்கமா குறுக்கும் மறுக்கும், முதல் சுத்து 10, பிறகு 20, கடைசியா 30 அடி-பவுண், மெட்ரிக் கணக்கில கிட்டத்தட்ட 40 நியூட்டன் மீட்டர். டோர்க் ரென்ச் கிளிக் எண்டு கேட்ட ஒவ்வொரு தரமும் பொடியன் போல்ட் தலையில மார்க்கரால புள்ளி வச்சான்.

டிஸ்ட்ரிபியூட்டர் இந்த என்ஜினில மெனிஃபோல்டுக்குள்ளாலதான் போகுது, கழட்ட முதலே ரோட்டர் நிண்ட திசைய வெள்ளைப் பெயின்டால குறிச்சு வச்சபடியா திரும்ப சரியா விழுந்தது. அண்டைக்கு ஸ்டார்ட் பண்ணேலாது எண்டுட்டார். பெரியப்பா வந்து கெஞ்சியே கேட்டவர், "ஐயா, ஒரு வருசம் பொறுத்தனீங்கள், இன்னும் ஒரு நாள்" எண்டு சொல்லி 24 மணித்தியாலம் விட்டிட்டுத்தான் தண்ணி ஊத்தி ஸ்டார்ட் பண்ணினது.

குறை இல்லாம இல்ல. நாலு நாள் எடுத்தது, போன் எடுக்க மாட்டார், நீங்க நேரதான் போகோணும். பில் எழுதித் தரயில்ல, கேட்டுத்தான் ஒரு துண்டில எழுதி வாங்கினன். உக்கார ஒரு கதிரை கூட இல்ல, வயசான ஆக்களக் கூட்டிக்கொண்டு போறதெண்டா கஷ்டம், பெரியப்பா ஹையேஸ்ட படியிலதான் இருந்தவர். கூலி 22,000 ரூபா எடுத்தவர், சாமான் எங்கட. முதல் இடத்தில குடுத்ததோட பாத்தா எனக்கு இது அதிகம் எண்டு தோணவே இல்ல.

சூடாகி ஆறினதுக்குப் பிறகு ஒருக்கா கொண்டு வரச் சொன்னவர், போனம், போல்ட் எல்லாத்தையும் திரும்பப் பாத்தார், காசு வாங்கயில்ல. கந்தளாய் தாண்டி ஹபரணை வரைக்கும் போய் வந்தாச்சு. வீட்ட வந்து நானே பின்பக்கம் கையவிட்டு வெள்ளைத் துணியால துடைச்சுப் பாத்தன், தூசி மட்டும்தான். கார்ட்போட் மட்டைய பெரியப்பா இன்னும் எடுக்கயில்ல, ஒவ்வொரு நாளும் விடிய டோர்ச்சோட போய் குனிஞ்சு பாக்கிறார், மூண்டு மாசமா ஒரு சொட்டும் இல்ல.