ஏடிஎஸ்-பி ரிசீவர், மூன்று வருடத்துக்குப் பிறகு: அந்த வேகக் கட்டத்தைப் பற்றி ஒரு புலம்பல்

விமானங்கள் தாமாகவே ரேடியோவில் அனுப்பும் இடம், உயரம், வேகத்தைப் பிடித்துத் திரையில் காட்டுவது ஏடிஎஸ்-பி ரிசீவர். மொட்டைமாடியில் அதை வைத்தால் எந்த விமானம் வேகம், எது சட்டென்று மேலே ஏறும் என்று வீட்டிலிருந்தே ஒப்பிட்டுவிடலாமா என்று நண்பர் கேட்டார். அவருக்கான பதில் இது. பல்லாவரத்தில் மூன்று வருடமாக ஓடும் செட்: எஸ்டிஆர் டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் ரேடியோ), ராஸ்பெர்ரி பை என்னும் குட்டிக் கணினி, விமானங்கள் பேசும் 1090 மெகாஹெர்ட்ஸுக்கான ஆன்டெனா. 35,000 அடியில் போகும் விமானத்துக்குக் கணக்குப்படி எல்லை 425 கிலோமீட்டர். 350 வரை தினமும் பிடிக்கிறது. பிடிப்பதில் குறையே சொல்ல முடியாது.

எரிச்சலெல்லாம் திரையில் வேகம் காட்டும் கட்டத்தில்தான். அதில் வருவது தரைவேகம், காற்றின் தயவும் சேர்ந்தது. ஜூலையில் கவனியுங்கள். கீழே மேற்குக் காற்று அடிக்கும்போது 40,000 அடிப் பக்கம் கிழக்கிலிருந்து பலமான காற்று ஓடும். சிங்கப்பூரிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் அகன்ற உடல் ஜெட் மாக் 0.84-ல் (ஒலி வேகத்தில் 0.84 பங்கு) பறந்தால் உண்மை வேகம், அதாவது காற்றைக் கிழித்துப் போகும் வேகம், 490 நாட் போல (ஒரு நாட் மணிக்கு 1.85 கிலோமீட்டர்). காற்று 50 நாட் என்றால் போகும்போது திரையில் 540, திரும்பும்போது 440. அதே விமானம், அதே இன்ஜின். இதைப் பார்த்து 'இது அதைவிட வேகம்' என்று பட்டியல் போடுகிறவர்களை என்ன சொல்வது?

ஒரு குறுக்குவழி உண்டு. ஒரே ரக விமானங்கள் இரண்டு, எதிரெதிர்த் திசையில், ஆயிரம் அடி வித்தியாசத்தில், ஒரே இடத்தைக் கடக்கும்போது இரண்டு தரைவேகத்தையும் கூட்டி இரண்டால் வகுங்கள். காற்று அடிபட்டுப்போய் உண்மை வேகம் ஏறக்குறையக் கிடைக்கும். பக்கக் காற்று அதிகமென்றால் கொஞ்சம் குறைவாக வரும். மாக் எண், காற்றுவேகம் ஆகியவற்றைச் சில விமானங்கள் அனுப்புகின்றன என்பது உண்மைதான். ஆனால் தரை ரேடார் கேட்டால்தான் அந்தப் பதில் வரும், நம் ரிசீவரால் அந்தக் கேள்வியை அனுப்ப முடியாது.

ஏறும் வேகமும் இதே கதை. எண் நிமிடத்துக்கு 64 அடிப் படிகளில் வரும், துல்லியம்தான். ஆனால் விமானி பெரும்பாலும் முழு உந்துவிசையில் கிளம்புவதே இல்லை. எடை குறைவு, ஓடுபாதை தாராளம் என்றால், வெளியே 35 டிகிரி இருக்கும்போது 55 டிகிரி என்று விமானக் கணினிக்குச் சொல்லி, அந்தச் சூட்டுக்கான குறைந்த உந்துவிசைக்கு இன்ஜினைத் தணித்துக்கொள்வார்கள். இன்ஜின் ஆயுள் கூடும். பத்தாயிரம் அடிக்குக் கீழே 250 நாட் வரம்பு வேறு. ஆக, திரையில் தெரிவது விமானத்தின் திறன் இல்லை. அன்றைக்கு அதனிடம் எவ்வளவு கேட்டார்கள் என்பது மட்டும்.

தாம்பரம் விமானப்படைத் தளம், அரக்கோணம் கடற்படை விமானத் தளம் பக்கத்தில் இருக்கிறதே, ராணுவ விமானம் மாட்டுமா என்றால், பல நேரம் இடமே அனுப்பாது. 80 முதல் 83 வரை தொடங்கும் இந்திய முகவரியும் (விமானத்தின் அடையாள எண்) உயரமும் மட்டும் பட்டியலில் வந்து போகும். சுகோய் வேகத்தை அளக்கும் ஆசையை விட்டுவிடலாம்.

எதிர்பாராத சந்தோஷம் உயரத்தில்தான் கிடைத்தது. காற்றழுத்த உயரம் எப்போதும் தர அழுத்தமான 1013 ஹெக்டோபாஸ்கலை வைத்தே வரும், அன்றைய அழுத்தத்தை வைத்து அல்ல. கோடையில் இங்கே அழுத்தம் 1005-க்கு இறங்கினால், மீனம்பாக்கம் ஓடுபாதையைத் தொடப்போகும் விமானம் 275 அடியில் மிதப்பதாகக் காட்டும். ஜிபிஎஸ் உயரத்தைத் திருத்தம் போடாமல் பார்த்தாலோ அதே விமானம் கடல்மட்டத்துக்குக் கீழே! பழுது இல்லை. இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்பு குறைந்து கடல்மட்டம் தாழ்ந்த பகுதி பக்கத்தில் இருப்பதால், ஜிபிஎஸ் உயரத்தை அளக்க அடிப்படையாக வைக்கும் கற்பனை நீள்கோளத்தைவிடச் சென்னையின் கடல்மட்டமே 80 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. இதைப் பார்ப்பதற்காகவே ஒருமுறை வாங்கலாம்.

விமான நிலையத்துக்கு இவ்வளவு பக்கத்தில் கெய்னை (சிக்னலைப் பெருக்கும் அளவை) உச்சமான 49.6-ல் வைத்தால் தலைக்கு மேல் போகும் விமானமே விட்டுப்போகும். சிக்னல் நிரம்பி வழிகிறது. மைனஸ் 3 டெசிபலைத் தாண்டும் செய்திகள் ஐந்து சதவீதத்துக்குள் வரும்வரை படிப்படியாகக் குறையுங்கள். 900 மெகாஹெர்ட்ஸ் செல் டவர் தெருவுக்குத் தெரு இருப்பதால் 1090 ஃபில்டர் கட்டாயம். கேபிள் ஐந்து மீட்டருக்கு மேல் வேண்டாம்.

பொருள் அருமை, கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கிறது. நண்பருக்கு என் பதில்: வாங்காதே. நீ தேடுவது இதில் இல்லை. ஏற்கெனவே வாங்கி மாட்டிவிட்டவர்கள் ஐப்பசி மழைக்கு முன் ஆன்டெனா கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நடு ஊசியில் பச்சை பூத்திருந்தால் சுரண்டிப் பிரயோஜனமில்லை. கேபிளை ஒரு சாண் வெட்டிவிட்டுப் புது கனெக்டர் போட்டு, தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள்.