இருமலுக்கு ரத்தம் மட்டும் எடுக்கற கிளினிக்கா? உஷாரா இருங்க

திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலைக்கு போறவங்க, வீட்ல யாருக்காவது இருமல் இழுத்துட்டே இருந்தா, அது டிபியா (காசநோய்) இருக்குமோன்னு சந்தேகம் இருந்தா, இத படிச்சிடுங்க. எங்க அக்காவுக்கு நடந்தது. கிளினிக் பேரு போடல, புகார் குடுத்திருக்கோம், அது ஒரு முடிவுக்கு வரட்டும்.

அக்கா பனியன் கம்பெனில செக்கிங் வேலைல இருக்கா. இருமல் வாரக்கணக்குல நிக்கல, சாயங்காலம் ஆனா லேசா காய்ச்சல், ராத்திரி வேர்த்து துணியெல்லாம் நனைஞ்சு எந்திரிக்கறா, சோறும் எறங்கல. போன இடத்துல டாக்டர், லேப், மெடிக்கல் மூணும் ஒரே பில்டிங்ல. என்ன வேலைன்னு கேட்டாரு, பனியன் கம்பெனின்னு சொன்னதும் பஞ்சு தூசி அலர்ஜின்னு முடிச்சுட்டாரு. லிவோஃப்ளாக்சசின்னு ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதி குடுத்தாரு, காய்ச்சல் விட்ட மாதிரி இருந்துச்சு, மாத்திரை தீந்ததும் திரும்ப வந்துருச்சு. அந்த மாத்திரை டிபி கிருமியையும் அரைகுறையா அடக்கி வைக்குமாம், ஆளு தேறிட்ட மாதிரி காட்டி நோயை கண்டுபிடிக்கறத தள்ளிப் போட்ரும்னு பின்னாடி ஜிஹெச்ல சொன்னாங்க.

மாமா வாய் விட்டு "டிபியா இருக்குமோ சார்"னு கேட்டப்புறம் தான் ரத்தம் எடுத்தாங்க. பில்லுல டிபி ஐஜிஜி, ஐஜிஎம்னு இருக்கு, கிருமிய தேடாம அதுக்கு எதிரா ரத்தத்துல உருவாகற ஆன்டிபாடிய பாக்கற டெஸ்ட். நெகட்டிவ், டிபி இல்லவே இல்லைன்னு அடிச்சு சொல்லிட்டாரு. இந்த ரத்த டெஸ்ட நம்பவே முடியாதுன்னு 2011லயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிருச்சு, 2012 ஜூன்ல நம்ம அரசாங்கம் அந்த டெஸ்ட் கிட்டை தயாரிக்க, விக்க, உபயோகிக்க எல்லாத்துக்கும் தடை போட்ருச்சு. தடை பண்ணின டெஸ்டுக்கு கம்ப்யூட்டர் பில் அடிச்சு கையில குடுக்கற தைரியத்த பாருங்க.

அப்புறம் எடை கொறைஞ்சு, சளில ரத்தம் கீத்தா வர ஆரம்பிச்சதும் டிபி கோல்டுன்னு இன்னொரு ரத்த டெஸ்ட், பனியன் கம்பெனி வாரச் சம்பளம் வாங்கறவளுக்கு அது சின்ன காசு இல்ல. பாசிட்டிவ். இப்ப அதே வாய் டிபி தான்னு சொல்லுது. கிருமி எப்பவோ உடம்புக்குள்ள நுழைஞ்சிருக்குன்னு மட்டும் தாங்க அந்த டெஸ்ட் காட்டும், இப்ப நோய் இருக்கா இல்லையான்னு அது சொல்லாது, நம்ம நாட்டுல பெரியவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்கு நோய் இல்லாமயே கிருமி உள்ள தூங்கிட்டு இருக்கு.

இதுக்கு மேல தான் எனக்கு பத்திக்கிட்டு வந்தது. "வீட்ல வயசுப் பொண்ணு வச்சிருக்கீங்க, ஜிஹெச் போனா பேர் பதிவாகி வீடு தேடி ஆள் வருவாங்க, தெருவுக்கே தெரிஞ்சிடும், நான் வெளிய தெரியாம ஆறு மாச கோர்ஸ் குடுக்கறேன், அட்வான்ஸ் கட்டிடுங்க"ன்னு அக்காகிட்ட தனியா பேசிருக்காரு. அவளும் பயந்துட்டு கட்டிட்டா. டிபி வந்தா பிரைவேட் டாக்டரும் அரசுக்கு தெரிவிச்சே ஆகணும்னு 2012ல இருந்து உத்தரவு இருக்கு, அப்புறம் என்ன ரகசிய கோர்ஸ்? மாத்திரை அளவு எடைய வெச்சு தான், இவங்க எடையே போடல. சுகர் கேக்கல, எக்ஸ்ரே எடுக்கல, வீட்ல சின்னப் பசங்க இருக்காங்களான்னு கேக்கல, இவ்ளோ நாள்ல ஒரு தடவை கூட சளி டப்பா கையில குடுக்கல.

எங்க தெருவுல இருக்கற ஹெல்த் நர்ஸ் அக்கா தான் "ஒரு மாத்திரை கூட போடாத, மொதல்ல சளி குடு"ன்னு ஜிஹெச்சுக்கு துரத்தி விட்டாங்க. அங்க போனதும் ஒரு சளி, மறுநாள் காலைல எந்திரிச்சதும் இன்னொரு சளி, ரெண்டு டப்பா. வாய கொப்பளிச்சுட்டு நெஞ்சுல இருந்து இருமி எடுக்கணும், எச்சில் துப்பி குடுத்தா வேலைக்கு ஆகாது. சிபிநாட்னு ஒரு மிஷின், ரெண்டு மணி நேரத்துல கிருமி இருக்கா, ரிஃபாம்பிசின்ங்கற முக்கியமான டிபி மாத்திரைக்கு கேக்குமான்னு ரெண்டையும் சொல்லிரும். அக்காவுக்கு டிபி உறுதியாச்சு, நல்லவேளை மாத்திரைக்கு கேக்கற வகை. எக்ஸ்ரே, சுகர், ஹெச்ஐவி டெஸ்ட், எடை எல்லாம் பாத்துட்டு தான் மாத்திரை குடுத்தாங்க, ஒத்த பைசா செலவில்ல. யூரின் ஆரஞ்சு கலர்ல போகும், பதறாதீங்கன்னு கூட சொல்லி அனுப்புனாங்க. அக்காவோட சின்னப் பையனுக்கு நோய் இல்லைன்னு பாத்துட்டு தடுப்பு மருந்து ஆரம்பிச்சிருக்காங்க. சத்துணவுக்கு மாசம் 1000 ரூபா பேங்க் அக்கவுண்ட்ல வரும், 2024 நவம்பருக்கு முன்னாடி 500ஆ இருந்துச்சு. கூட்டம், லைன், ஃபேன் சுத்தாத வராண்டா எல்லாம் இருக்கு தான், இல்லைன்னு சொல்லல. பிரைவேட்ல தான் பாப்பேன்னாலும் அரசு மாத்திரைய அங்கயே இலவசமா வாங்கிக்க வழி இருக்கு, 1800-11-6666க்கு போன் போட்டு கேளுங்க, டோல் ஃப்ரீ.

அட்வான்ஸ திருப்பிக் கேட்டா ரிசப்ஷன்ல மாத்திரை ஆர்டர் போட்டாச்சு, தர முடியாதுங்கறாங்க. பில், ரிப்போர்ட் எல்லாத்தையும் ஜெராக்ஸ் எடுத்து நலப்பணிகள் இணை இயக்குநர் ஆபீஸ்ல குடுத்திருக்கோம். டிபின்னு சொல்லி ஐஜிஜி, ஐஜிஎம் எடுத்த பில் உங்ககிட்ட இருந்தா தூக்கிப் போட்றாதீங்க, நீங்களும் அங்கயே கொண்டு போய் குடுங்க.