முழங்கால் காயத்துக்குப் பின் மவுண்டன் பைக்: வீட்டு டிரெய்னரா, தார்ச்சாலையா, கண்மாய்க்கரையா, மலையடியா?

அறுவைச் சிகிச்சை முடிந்து தையல் பிரித்த சில வாரங்களில் மருத்துவர் "சைக்கிள் ஓட்டலாம்" என்று சொல்லும்போது, எந்தச் சைக்கிள், எந்தத் தரையில் என்ற விவரம் அந்தச் சொற்களில் இருப்பதில்லை. அவர் மனத்தில் இருப்பது பிசியோதெரபி அறையின் சுவரோரம் நிற்கும் நிலைச்சைக்கிள். கேட்கிற நம் மனமோ அதற்குள் கீழக்குயில்குடியைத் தாண்டிச் சமணர் மலையடிச் சரளைக்குப் போய்விடுகிறது. இடது முழங்காலில் ஏசிஎல் என்னும் முன் சிலுவைத் தசைநார், ஊர்ப்பேச்சில் 'மூட்டு ஜவ்வு', அறுந்து, தொடையின் பின்புறத்திலிருந்து எடுத்த நாணை அதனிடத்தில் பொருத்திக்கொண்டவன் என்ற முறையில், மதுரையில் இருப்பவருக்குத் திரும்பி வருவதற்கு உள்ள நான்கு இடங்களையும் இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் அளவுகோலைச் சொல்லிவிட வேண்டும். நம்மில் பெரும்பாலோர் தூரத்தையும் ஏற்றத்தையும் வைத்தே கணக்குப் போடுகிறோம்: பத்துக் கிலோமீட்டர் போனேன், வலிக்கவில்லை, அடுத்த வாரம் இருபது போகலாம் என்று. சரிசெய்யப்பட்ட ஜவ்வுக்குத் தூரம் பெரிய எதிரியில்லை. கால் தரையில் ஊன்றியிருக்க உடல் மட்டும் திரும்பும் அந்தத் திருகல்தான் அதற்கு எதிரி. ஆகவே ஒவ்வொரு தடத்திலும் நான் முதலில் கேட்பது, இங்கே என் கால் நான் நினைத்த நேரத்தில் தரைக்கு வருமா, என்னை மீறி வருமா என்பதுதான்.

இந்த அளவுகோலில் வீட்டு டிரெய்னருக்கும் (நம் சைக்கிளையே பூட்டி நின்ற இடத்தில் மிதிக்கவைக்கும் தாங்கி) நிலைச்சைக்கிளுக்கும் முழு மதிப்பெண் தர வேண்டும், ஏனெனில் அங்கே கால் தரைக்கு வரவேண்டிய தேவையே இல்லை. உயிருள்ள மனிதர்களின் முழங்காலுக்குள் உணர்கருவியைப் பொருத்தி அளந்து 1998இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நிலைச்சைக்கிள் மிதிக்கும்போது இந்தத் தசைநார் அதிகபட்சமாக இழுபடும் அளவு சராசரியாக 1.7 சதவீதம் என்று கண்டார்கள். தோப்புக்கரணம் போல உட்கார்ந்து எழும்போது அது இதைவிட அதிகம் இழுபடுகிறது. ஆனால் முதல் தடை வேறிடத்தில் இருக்கிறது. பெடலை ஒரு முழுச்சுற்றுச் சுற்ற முழங்கால் ஏறக்குறைய 110 பாகை மடங்க வேண்டும். அந்த மடக்கம் வரும்வரை அரைவட்டமாக முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருப்பதைத் தவிர வழியில்லை. எனக்கு நான்காவது வாரத்தில், சீட்டைச் சற்று உயர்த்திவைத்துப் பின்னோக்கிச் சுற்றியபோதுதான் கால் முதன்முதலாக மேலே போய் மறுபக்கம் இறங்கியது. டிரெய்னரின் குறை என்னவென்றால், அது தொடையை வளர்க்குமே தவிர, தடுமாறும்போது உடலை நிமிர்த்தும் பழக்கத்தைக் கற்றுத்தராது. சைக்கிள் சாய்வதே இல்லை என்பதால் அதற்கான வேலையும் உடலுக்கு அங்கே இல்லை. மதுரைப் புழுக்கத்தில் மின்விசிறிக்கு அடியிலேயே அரைமணி நேரத்தில் பனியன் பிழிகிற அளவுக்கு வேர்க்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சீட்டின் உயரத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்த இடத்தைத் தேர்ந்தாலும் இது கூடவே வரும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருப்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் சிரட்டைக்கு முன்னால் வலிக்கும். உயர்ந்திருந்தால் முழங்காலின் பின்புறம் இழுக்கும். எனக்குச் சைக்கிளைச் சரிபார்த்துக் கொடுத்த கடையில், மலைச்சரிவில் ஓட்டுபவன் என்பதால் சீட்டைத் தாழ்த்தியே வைத்துவிட்டார்கள். அதைக் கவனிக்காமல் மூன்று வாரம் ஓட்டி, ஜவ்வில் ஏதோ கோளாறு என்று பயந்துகொண்டிருந்தேன். இரண்டு விரல்கடை உயர்த்தியதும் அந்த வலி போய்விட்டது.

தார்ச்சாலைக்கு நான் வந்தது அறுவைச் சிகிச்சைக்குப் பின் நான்காம் மாதத்தில், மார்கழியில். மதுரையில் இதற்கு என் முதல் தேர்வு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றிய சாலை. திருமலை நாயக்கர் வெட்டிய அந்தக் குளத்தை ஒருமுறை சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே மேல் வரும், மேடு பள்ளமில்லை, விடியற்காலையில் நடைப்பயிற்சிக்காரர்கள்தான் பெரும்பாலும் இருப்பார்கள், முழங்கால் முணுமுணுத்தால் எந்த இடத்திலும் நிறுத்திச் சுற்றுச்சுவரில் உட்கார்ந்துவிடலாம். வைகைக் கரையோரச் சாலைகள் நீளமானவை, ஆனால் வெளிச்சம் வந்ததும் வண்டிகள் பெருகிவிடும். சுற்றுச்சாலை வேண்டவே வேண்டாம்; லாரி உரசிப்போகும்போது மண்ணில் இறங்கிக் கால் ஊன்ற நேர்வது நாம் தவிர்க்க நினைக்கிற அதே காரியம்.

சாலைக்கும் டிரெய்னருக்கும் உள்ள உண்மையான வேறுபாடு நிறுத்தத்தில் இருக்கிறது. சாலையில் ஓட்டும்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கால் தரைக்கு வருகிறது, அது எந்தக் கால் என்பதை நாம் யோசிப்பதே இல்லை. சிறுவயதிலிருந்து இடப்பக்கமாக ஏறி இடப்பக்கமாக இறங்கிப் பழகிய எனக்கு இடது கால்தான் தானாக நீளும். காயம்பட்டதும் அந்தக் கால்தான். தெப்பக்குளத்தைச் சுற்றிய முதல் இரண்டு வாரமும் நான் உண்மையில் பயின்றது வலது காலை ஊன்றி நிற்பதை மட்டுமே: ஐம்பது மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, சைக்கிளை வலப்பக்கம் சாய்த்து, வலது பாதத்தை முழுதாகப் பதித்து, இடது காலைப் பெடலிலேயே விட்டுவைத்து மறுபடி கிளம்புவது. வேடிக்கை பார்த்தவர்களுக்கு வண்டி பழகுகிறவன் போலத் தெரிந்திருக்கும். இடது காலில் காயம்பட்ட எவருக்கும் இதை முதல் பாடமாக நான் சொல்வேன்.

கியரைப் பொறுத்தவரை, கனமான கியரில் மெதுவாக அழுத்துவதைவிட இலகுவான கியரில் நிமிடத்துக்கு 80, 85 சுற்று மிதிப்பது சிரட்டைக்குப் பின்னால் விழும் அழுத்தத்தைக் குறைக்கும். மவுண்டன் பைக்கின் அகன்ற டயர் சாலையில் இழுக்கும் என்பதால் காற்றைக் கூட்டி, முன்பக்க சஸ்பென்ஷனைப் பூட்டிக்கொள்வது நல்லது.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன். தார்ச்சாலையிலிருந்து நேரே மலையடித் தடத்துக்குத் தாவுவதுதான் இங்கே வழக்கமாக இருக்கிறது, ஏனென்றால் இடையில் ஒரு படி இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. மதுரையைச் சுற்றி அந்தப் படி எல்லாத் திசையிலும் கிடக்கிறது: கண்மாய்க்கரை. மாடக்குளம், தென்கால், நிலையூர் என்று பெரிய கண்மாய்கள் நகருக்கு அருகிலேயே இருக்கின்றன. டிராக்டர் போகும் அகலமுள்ள கரையில் மண் இறுகியிருக்கும். சக்கரத்துக்கடியில் சற்றே நெகிழும், ஆனால் உருளாது. ஏற்றமும் இறக்கமும் மடையருகிலும் உபரிநீர் வழியும் கலிங்கருகிலும் மட்டுமே வரும், அவையும் தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தெரியும். சைக்கிள் கொஞ்சம் வழுக்குவதையும் உடல் அதை நிமிர்த்திக்கொள்வதையும் இவ்வளவு மென்மையாகக் கற்றுத்தரும் வேறு தரையை நான் பார்த்ததில்லை.

ஆனாலும் கண்மாய்க்கரையைக் குறையற்றது என்று சொல்ல மாட்டேன். ஏழாம் மாதத்தில், பங்குனியில், நான் அங்கே போனபோது மழைக்காலத்துச் சேற்றில் பதிந்த மாட்டுக் குளம்புகள் காய்ந்து கல்லாகிக் கிடந்தன. அந்தக் குழிகளில் முன்சக்கரம் விழுந்து விழுந்து எழும்போது கைப்பிடி இரண்டு பக்கமும் வெட்டும். அங்கே சீட்டிலிருந்து ஒரு சாண் எழும்பி, இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் வைத்து, முழங்கால்களை லேசாக மடக்கி நின்றால் அதிர்ச்சியைத் தொடை வாங்கிக்கொள்ளும். குறுகிய கரையில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. ஊன்றும் கால் தட்டையான தரையில் படாமல் சரிவில் பட்டால் அது அப்படியே உள்ளே திருகும். ஆகவே ஆள் நடக்கும் ஒற்றையடிக் கரையை விட்டு வண்டி போகும் கரையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாய் துரத்தினால் வேகமெடுக்கத் தோன்றும்; நான் நல்ல கால் பக்கமாக இறங்கி, சைக்கிளை இடையில் நிறுத்திக்கொள்கிறேன்.

சீமைக்கருவேல முள்ளையும் சிறிய விஷயமாக நினைக்கக் கூடாது. பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கட்டாந்தரையில் நான்கு கிலோமீட்டர் நடந்து திரும்பிய நாளில் முழங்கால் வீங்கிய அளவுக்கு, ஓட்டிய எந்த நாளிலும் வீங்கவில்லை. டியூப்லெஸ் டயருக்குள் அடைப்புத் திரவம் ஊற்றிய பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. மழை பெய்த மறுநாள் திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் இறங்காதீர்கள். களி சக்கரத்தை அப்பிப் பூட்டிவிடும். செம்மண் கரை அதைவிடச் சீக்கிரம் காயும்.

மலையடித் தடத்துக்கு எப்போது போகலாம் என்பதில் நான் கடுமையானவன். 2016இல் வெளியான நார்வே–அமெரிக்கக் கூட்டாய்வு ஒன்றில், ஏசிஎல் அறுவைச் சிகிச்சைக்குப் பின் விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம்வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முழங்கால் மறுபடி காயப்படும் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. காயம்பட்ட காலின் முன் தொடைத் தசைவலு மற்றக் காலின் வலுவை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதும் முக்கியமாக இருந்தது. அந்த ஆய்வு பேசியது திரும்பித் திரும்பி ஓடும் பந்தாட்டங்களைப் போன்றவற்றைத்தான் என்றாலும், சரளையில் சைக்கிள் கவிழும்போது முழங்காலுக்கு நேர்வதும் அதே திருகல் என்பதால் எனக்கும் அது பொருந்தும் என்று எடுத்துக்கொண்டேன். என் பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை சொன்னார்: "அண்ணே, வலி போயிருச்சுன்னா உள்ள ஜவ்வு இறுகிருச்சுன்னு அர்த்தமில்ல. தொடைய அளந்து பாத்துட்டுத்தான் நான் விடுவேன்." இரண்டு தொடையிலும் நாடா சுற்றி அளந்தபோது இடதுபக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவில் இளைத்திருந்தது, அவர் எந்திரத்தில் வலுவையும் தனியாகச் சோதித்து, இன்னும் ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்.

மலை என்றாலே ஆபத்து என்று எண்ணுவதும் பிழை. சிறுமலைக்கு ஏறும் தார்ச்சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு, பார்க்க மிரட்டும். ஆனால் சீட்டில் உட்கார்ந்து சின்ன கியரில் ஏறுகிறவருக்கு அங்கே ஜவ்வைத் திருகும் தருணம் எதுவும் வருவதில்லை, சலித்துக்கொள்வது சிரட்டைதான். நாகமலை அடிவாரத்தில் இருநூறு மீட்டர் உருள்கல் பாதை, அந்த முழு ஏற்றத்தையும்விட எனக்கு அச்சம் தருகிறது. அழகர்மலையில் பழமுதிர்சோலைக்குப் போகும் தார்ச்சாலையும் அப்படித்தான்: ஏற்றம் தொல்லையில்லை, இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடி முழங்காலை மடக்கியே நிற்கவேண்டியிருப்பதால் தொடை நடுங்கும், நடுவில் இரண்டு முறை நின்று காலை நீட்டிக்கொள்வது நல்லது.

சமணர் மலையைப் பற்றி ஒரு வேண்டுகோள். அது பாதுகாக்கப்பட்ட சின்னம். சக்கரத்துக்கு உரிய இடம் மலையைச் சுற்றிய வண்டிப்பாதைகளே தவிர, தீர்த்தங்கரர் சிற்பங்களும் கல்வெட்டுகளும் உள்ள பாறைகள் அல்ல.

பெடலில் கிளிப்பா, தட்டையா என்ற கேள்வியும் இதே அளவுகோலில் தீர்ந்துவிடுகிறது. காலணியைப் பூட்டும் கிளிப் பெடல் ஏற்றத்தில் உதவும், பாதம் நழுவாது. ஆனால் விடுவித்துக்கொள்ளக் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும், அதாவது எதைத் தவிர்க்கச் சொல்கிறார்களோ அதையே ஒவ்வொரு நிறுத்தத்திலும் செய்ய வேண்டும். நான் விழுந்ததும் அப்படித்தான்: நின்றுவிட்ட சைக்கிளில் பூட்டு விடுபடாமல், சைக்கிளும் நானும் ஒன்றாகச் சாய, விடுபட்ட நொடியில் பாதம் கல்லிடுக்கில் ஊன்றிக்கொண்டது. கிளிப்பை விடவே முடியாதவர்கள் ஸ்பிரிங் இறுக்கத்தை முழுதும் தளர்த்தி, பல திசையிலும் விடுபடும் வகைப் பூட்டை மாட்டிக்கொள்ளலாம். நான் ஆணி வைத்த தட்டைப் பெடலுக்கு மாறிவிட்டேன்; கெண்டைக்காலை அது கிழிக்கும், அதற்குக் காப்பு உண்டு. மின்சார மவுண்டன் பைக் ஏற்றத்தின் சுமையைக் குறைக்கும் என்பது உண்மைதான், ஆனால் இருபது கிலோவுக்கு மேல் கனக்கும் அது நம் பக்கம் சாயும்போது தாங்கவேண்டியதும் அந்தக் கால்தான் என்பதால், முதல் ஆண்டில் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஆக என் வரிசை டிரெய்னர், தெப்பக்குளம், கண்மாய்க்கரை, மலையடி. நேரம் இல்லாதவர்கள் தார்ச்சாலையில் செலவிடும் காலத்தைச் சுருக்கிக்கொள்ளலாம்; கண்மாய்க்கரையில் சுருக்க வேண்டாம். பத்தாம் மாதம், ஆனியில் கீழக்குயில்குடிக்குப் போனேன். தாமரைக்குளத்தருகே ஆலமரத்தடியில் சைக்கிளை நிறுத்தி, முழங்காலைப் பத்து முறை மடக்கி நீட்டிவிட்டு, மலையைச் சுற்றும் வண்டிப்பாதையில் கிளம்பினேன். நான் விழுந்த சரளை இறக்கம் அந்தப் பாதையில்தான் வருகிறது, ஐம்பது மீட்டர் இருக்கும். அந்த ஐம்பது மீட்டரை இப்போதும் வலப்பக்கமாக இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடக்கிறேன்.