ஐப்பசிக்கு எது பொருந்தும்: பேரிக்காயா, நெய்யா, நிலவேம்பா?

இலையுதிர் காலத்தில் காரத்தைக் குறைத்துப் புளிப்பைக் கூட்டச் சொல்கிறது சீன மருத்துவம். ஏறக்குறைய அதே மாதங்களில் தயிரைத் தொடாதே, புளிப்பை விலக்கு என்கிறது ஆயுர்வேதம். தமிழ்நாட்டு அடுக்களையோ ஐப்பசி பிறந்ததும் மிளகையும் சுக்கையும் இடித்து வைத்துக்கொள்கிறது. மூன்றும் ஆசியாவின் பழைய மரபுகள். இந்த மூன்றையும் ஒரே பட்டியலில் போட்டு, ‘கீழை நாடுகளின் பருவகால ஆரோக்கியம்’ என்று இன்று எங்கும் பரப்புகிறார்கள். அந்தப் பட்டியலை நம்பி நடக்கிறவர் காலையில் ஒரு மரபு தடுத்ததை மாலையில் இன்னொரு மரபின் பெயரால் சாப்பிடுகிறார். அதனால் மூன்றையும் பிரித்துவைத்துப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

வறட்சிக்கு எதிரான சீன முறை

சீன நாட்காட்டியில் இலையுதிர் காலம் ஆகஸ்ட் 7 அல்லது 8ஆம் தேதியே தொடங்கிவிடுகிறது. நவம்பர் முதல் வாரம் வரை நீடிக்கிறது. ஆண்டை 24 பருவப் புள்ளிகளாகப் பகுக்கும் அந்தக் கணக்கை 2016இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இந்தப் பருவத்துக்குரிய உறுப்பு நுரையீரல், உரிய நிறம் வெண்மை, உரிய உணர்ச்சி துயரம். எதிரி வறட்சி.

வறட்சியை ஏன் இப்படிக் குறிவைத்தார்கள் என்பது பெய்ஜிங்கின் வானிலையைப் பார்த்தால் புரியும். அங்கே ஆண்டு மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டித் தீர்ந்துவிடும். அதன்பின் வடக்கிலிருந்து வரும் காய்ந்த காற்று தொண்டையைக் கரகரக்க வைக்கும், உதட்டை வெடிக்க வைக்கும், வறட்டு இருமலைக் கொண்டுவரும். இதற்கு அவர்கள் கண்ட மருந்து பேரிக்காய். நடுவைக் குடைந்து கற்கண்டு இட்டு ஆவியில் வேகவைப்பார்கள். பாகாகக் காய்ச்சியும் வைத்துக்கொள்வார்கள். வெள்ளைக் காளான், லில்லிக் கிழங்கு, தாமரைக்கிழங்கு, தேன், எள் ஆகியவையும் இந்தப் பருவத்துக்கு உரியவை. காரம் வியர்வையாக ஈரத்தை வெளியேற்றும், புளிப்பு சுருக்கி உள்ளே நிறுத்தும் என்பது அவர்களுடைய விளக்கம். பருவத்தின் தொடக்கத்தில் வருவது சூட்டோடு கூடிய வறட்சி, பிற்பகுதியில் வருவது குளிரோடு கூடிய வறட்சி என்று அதையும் இரண்டாகப் பிரிக்கிறார்கள். வெயில் தணியாத நாட்களில் பச்சையாகத் தின்ற பேரிக்காயைக் குளிர் இறங்கியதும் வேகவைத்துத் தின்னும் வழக்கம் இதோடு பொருந்துகிறது. ஒரு பழத்தை உண்பதில் இவ்வளவு நுட்பமா என்று வியக்கத் தோன்றுகிறது.

உடற்பயிற்சியாக எட்டு அசைவுகள் கொண்ட பாதுவான்ஜின் இருக்கிறது. வில்லை இழுப்பதுபோல் மார்பை விரிக்கும் இரண்டாம் அசைவு மூச்சுக்கு மிக நல்லது. கருவி வேண்டாம், கால்மணி நேரம் போதும், வயதானவர்களும் செய்யலாம். மூன்று மரபுகளிலும் எந்தத் தயக்கமும் இல்லாமல் எல்லோருக்கும் நான் பரிந்துரைப்பது இதை மட்டும்தான். சுமார் 2,000 ஆண்டுப் பழமையான சீன மருத்துவ மூலநூல் ஹுவாங்தி நெய்ஜிங் இந்தப் பருவத்தில் முன்னிரவில் உறங்கி, கோழி கூவும்போது எழச் சொல்கிறது. அதையும் யாரும் மறுக்கப்போவதில்லை.

பித்தத்துக்கு எதிரான சரத் காலம்

ஆயுர்வேதத்தின் சரத் ருது என்பது ஏறத்தாழ செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை. வைத்தியர்களுக்குச் சரத் காலம் தாய், வசந்தம் தந்தை என்று வடமொழியில் ஒரு வழக்கு உண்டு. நோயாளிகள் அவ்வளவு பேர் வருவார்களாம். மழைக்காலத்தில் உடலில் சேர்ந்துகிடந்த பித்தம், மழை விட்டதும் சட்டென்று அடிக்கும் வெயிலில் பொங்குகிறது என்பது ஆயுர்வேத மூலநூல் எழுதிய சரகரின் விளக்கம். வட இந்தியாவில் செப்டம்பர் இறுதியில் பருவமழை விலகியதும் வெயில் எப்படிச் சுள்ளென்று அடிக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். மும்பையில் ‘அக்டோபர் வெயில்’ என்றே தனியாகச் சொல்வார்கள்.

ஆகவே இங்கே சுவைகள் மாறுகின்றன. கசப்பு, இனிப்பு, துவர்ப்பு ஆகியவை முன்னுக்கு வருகின்றன. கசப்பு மூலிகைகளில் காய்ச்சிய நெய் முதன்மையான மருந்து. தயிர், மது, வெயில், பனி, பகல் தூக்கம், வயிறு முட்ட உண்பது எல்லாம் விலக்கு. பகலில் சூரியனால் காய்ந்து, இரவில் நிலவால் குளிர்ந்து, அகத்திய விண்மீன் உதித்ததால் தெளிந்த நீரைக் குடிக்கச் சொல்கிறார்கள். அதற்கு ஹம்சோதகம் என்று பெயர். மழைக் கலங்கல் அடங்கி ஆறுகள் தெளியும் காலத்தை ஒரு விண்மீனைக் கொண்டு குறித்துவைத்த அழகு எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த அகத்தியரைத்தான் சித்த மரபும் தன் முதல் ஆசானாகக் கொண்டாடுகிறது. ஆனால் இன்றைய ஆற்று நீரை விண்மீன் சுத்தப்படுத்தாது, கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். முன்னிரவில் நிலவொளியில் அமரும் அறிவுரையும் இன்றைய டெல்லிக்குப் பொருந்தாது. அங்கே அக்டோபர், நவம்பரில் வயல் எரிப்பும் வாகனங்களும் சேர்ந்து காற்றை நஞ்சாக்குகின்றன. வட இந்தியாவில் சரத் பௌர்ணமியன்று பால் பாயசத்தை நிலவில் வைத்து எடுக்கும் வழக்கத்திலும், இரவு முழுக்கத் திறந்து கிடந்த பால்சோற்றைக் குழந்தைக்குக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நிலவுக்குக் காட்டிவிட்டு உடனே பரிமாறினால் வழிபாட்டுக்கு என்ன குறை?

நம் கூதிர்

ஐப்பசியும் கார்த்திகையும் தமிழில் கூதிர் காலம். சித்த மருத்துவப் பாடநூல்களும் இந்தப் பருவத்தில் அழல், அதாவது பித்தம், மிகும் என்றே சொல்கின்றன. அப்படியானால் நம் வீடுகளில் மிளகு ரசமும் தூதுவளையும் ஏன் கொதிக்கின்றன?

மழைதான் காரணம் என்பது என் முடிவு. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. சென்னையில் அந்தப் பங்கு இன்னும் அதிகம். வட இந்தியா மழையை வழியனுப்பிய பிறகு எழுதிய விதிகளை, மழையை வரவேற்கும் ஊரில் அப்படியே கடைப்பிடிக்க முடியாது. சரகரின் நூலிலேயே மழைக்காலத்துக்கென்று தனி ஒழுக்கம் இருக்கிறது. செரிமானம் மந்தமாகும், பழைய அரிசியும் கோதுமையும் உண்ணலாம், காற்றும் மழையும் மிகுந்த நாட்களில் புளிப்பும் உப்பும் நெய்ப்பும் சேரலாம், காய்ச்சி ஆறிய நீர் குடிக்க வேண்டும் என்கிறது அது. சென்னைவாசி ஐப்பசியில் திறக்க வேண்டிய பக்கம் அதுதான். கேரளம் இதை எப்போதோ செய்துவிட்டது. தென்மேற்கு மழை கொட்டும் கர்க்கடக மாதமான நம் ஆடியில் அவர்கள் மருந்துக் கஞ்சியும் எண்ணெய்ச் சிகிச்சையும் வைத்துக்கொள்கிறார்கள்.

நம் மரபு பித்தத்தையும் மறந்துவிடவில்லை. நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்குகள்: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சைவேர், சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு. இவற்றில் சூடு தருபவை என்று கண்கூடாகத் தெரிவன கடைசி இரண்டும்தான். நிலவேம்பின் கசப்பும் வெட்டிவேர், சந்தனத்தின் குளிர்ச்சியும் சரத் கால மருந்துகளுக்கு நெருங்கிய உறவு. தீபாவளியன்று விடியலில் தலையில் வைக்கும் நல்லெண்ணெய் சூட்டைத் தணிக்கிறது. குளித்து வந்ததும் வெறும் வயிற்றில் உருட்டித் தரும் லேகியத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய் சேர்ந்து, வரப்போகும் பலகாரங்களுக்கு வயிற்றைத் தயார்செய்கின்றன. ஒரே காலைப்பொழுதில் குளிர்ச்சியும் சூடும்! எண்ணெய் தேய்த்தால் வெந்நீரில்தான் குளிக்க வேண்டும் என்ற சித்தர் தேரையரின் விதி ஐப்பசி ஈரத்துக்கு எவ்வளவு பொருத்தம் என்று அந்தக் குளிரில் நின்றவர்களுக்குத் தெரியும்.

யாருக்கு எது?

சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் இருப்பவர்களுக்கு நம் கூதிர் முறையே முதல் தேர்வு. மிளகு ரசம், சூடான எளிய உணவு, காய்ச்சிய நீர், இடையிடையே கசப்பு. தொடர்ந்து நாலைந்து நாள் மழை விட்டு வெயில் சுட்டால் மிளகைக் குறைத்துக்கொண்டு பாகற்காய், சுண்டைக்காய் பக்கம் திரும்பலாம். டெல்லியிலோ மும்பையிலோ இருப்பவர் செப்டம்பர், அக்டோபரில் சரத் ஒழுக்கத்தை எடுத்துக்கொள்ளட்டும்.

டொராண்டோவிலும் லண்டனிலும் வாழும் தமிழர்கள் ஊர் நினைவில் இந்த மாதங்களில் சுக்குக் கசாயமாகவே குடிப்பதுண்டு. வீட்டில் ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் உள்ளே காற்று காய்ந்துபோகிறது. தொண்டை வறண்டு, தோல் வெடித்து, மூக்கு எரிந்தால் சீனர் சொன்ன வேகவைத்த பேரிக்காயும் தேனும் நல்ல துணை. மிளகு அப்போது எரிச்சலைக் கூட்டவும் செய்யும். நீரிழிவு உள்ளவர்கள் பாகையும் கற்கண்டையும் விட்டுவிட்டுப் பழத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. ஃப்ளூ தடுப்பூசியின் வேலையை இவற்றில் எதுவும் செய்யாது.

வீட்டில் செய்யக் கூடாதவையும் உண்டு. சரத் காலத்துக்குப் பேதியும் குருதி வாங்கலும் ஆயுர்வேதத்தில் இருக்கின்றன. தேரையரும் நான்கு மாதத்துக்கு ஒரு முறை பேதி மருந்து உண்ணச் சொல்கிறார். இன்று ‘உடல் சுத்திகரிப்பு’ என்ற பெயரில் பொடியாக விற்பதை வாங்கித் தானே பேதியாக்கிக்கொள்வது நீரிழப்பில் கொண்டுபோய் விடும். தகுதியுள்ள மருத்துவர் நாடி பார்த்துத் தருவது வேறு, இது வேறு. சீன மருந்துக் கடைகளில் கிடைக்கும் கசப்பு ஆப்ரிகாட் கொட்டைப் பருப்பு உடலில் சயனைடை உண்டாக்கக்கூடியது, அளவு தெரியாமல் தொடக் கூடாது. கர்ப்பிணிகள் நிலவேம்பைத் தவிர்க்க வேண்டும்.

மழை மாதங்களில் வரும் காய்ச்சலை மட்டும் எந்த மரபின் கையிலும் முழுதாக ஒப்படைக்காதீர்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது. அது 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். கசாயம் குடித்தோம், காய்ச்சல் விட்டது என்று குடும்பம் நிம்மதியாகப் படுக்கும் இரவு அதுவாக இருக்கலாம். கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் அல்லது மூக்கில் ரத்தம், அசாதாரணச் சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலிக்கு ஆஸ்பிரினோ இபுப்ரோஃபெனோ கொடுக்கக் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.