போர்டு இல்லாத மெக்கானிக் கடை, காரைக்குடி: 5க்கு 4 ஸ்டார்

மொதல்லயே சொல்லிடுறேன், கடை பேரு கேக்காதீங்க, பேரே கிடையாது. காரைக்குடி நூறடி ரோட்ல இருந்து உள்ள திரும்புற ஒரு சந்துல வேப்பமரம், பக்கத்துல டீக்கடை, மரத்தடியில எப்பவும் ரெண்டு கார் பானட்ட தொறந்துக்கிட்டு நிக்கும், அவ்ளோதான் அடையாளம். மெக்கானிக் அண்ணே பேரையும் போடல. "பேரெல்லாம் போட்டுறாதீங்க தம்பி, கூட்டம் வந்தா நான் ஒத்த ஆளு என்ன செய்வேன்"னு அவரே சொல்லிட்டாரு. ஆனாலும் எழுதாம இருக்க மனசு கேக்கல, ஏன்னா நாலு மாசமா என்னைய அலைய விட்ட பிரச்சனைய அந்த மனுஷன் ஒரு பழைய பேப்பர வெச்சு கண்டுபுடிச்சாரு.

வண்டி 2013 மாடல், பெட்ரோல், சின்ன ஹேட்ச்பேக். தப்பு கம்பெனி மேல இல்ல, அதனால கம்பெனி பேரு வேண்டாம். பிரச்சனை இதுதான்: ஓடும்போது ஒண்ணுமே இருக்காது. திருச்சி ரோட்ல 80ல போனா டெம்பரேச்சர் முள்ளு நடுவுல அசையாம நிக்கும். நின்னா போச்சு. ரயில்வே கேட்டுல ஒரு பத்து நிமிஷம் ஸ்டார்ட்ல நின்னா முள்ளு மெதுவா ஏற ஆரம்பிக்கும், ஏசி காத்தும் சூடா வரும், கெளம்பி ரெண்டு கிலோமீட்டர் போனா எல்லாம் தானா சரியாயிரும். அதனாலயே நானும் ரொம்ப நாள் "சரி வயசான வண்டி"ன்னு விட்டுட்டேன்.

வெளிச்சத்துக்கு வந்தது தைப்பூசத்துல. எங்க பெரியப்பா வருஷாவருஷம் காவடி எடுத்து பழனிக்கு நடக்குறவரு, கூட நடக்குற நம்ம ஆளுங்களுக்கு தண்ணி, பழம், மாத்து வேட்டி எல்லாம் ஏத்திக்கிட்டு பின்னாடியே போறது இந்த தடவ என் பொறுப்பு. நடக்குறவங்க வேகத்துல கார் ஓட்டுறதுன்னா என்னன்னு ஓட்டுனவனுக்குத்தான் தெரியும், மொத கியர்ல ஊர்ந்து, நிப்பாட்டி, மறுபடி ஊர்ந்து. சிங்கம்புணரி தாண்டி நத்தம் ரோட்ல முள்ளு சிவப்பத் தொட்டு பானட்டுக்குள்ள இருந்து ஆவி. கூட வந்த பய ஒருத்தன் துண்ட சுத்திக்கிட்டு ரேடியேட்டர் மூடிய தொறக்கப் போயிட்டான், நடந்து வந்த ஒரு பெரியவரு அவன் கைய புடிச்சு இழுத்தாரு. உள்ள தண்ணி அழுத்தத்துல இருக்கும், மூடிய தொறந்த நிமிஷம் மூஞ்சிலயே கொதிச்சு அடிக்கும், எனக்கும் அது தெரியும், ஆனா அந்தப் பதட்டத்துல வாயத் தொறந்து சொல்லத் தோணல. அப்புறம் ஒரு மணி நேரம் ஆறவிட்டு, கையில இருந்த குடி தண்ணிய ஊத்தி, ஏசிய அமத்திட்டு ஹீட்டர ஃபுல்லா போட்டு ஓட்டுனேன். ஹீட்டரும் இன்ஜின் சூட்டத்தான் எடுத்து வெளிய தள்ளுது, அதனால கொஞ்சம் தாங்குச்சு. தை மாசம்தான், ஆனா கார்க்குள்ள அக்னி நட்சத்திரம்.

ஊருக்கு வந்ததும் ஒரு வொர்க்‌ஷாப் (பேரு வேண்டாம்). தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் தொறந்து தண்ணிய ரேடியேட்டருக்கு விடுற வால்வு) போயிருச்சுன்னாங்க, மாத்துனாங்க, கூலன்ட் (ரேடியேட்டர்ல ஊத்துற திரவம்) மாத்துனாங்க, 4,850 ரூவா. ரெண்டு நாள் கழிச்சு அதே கேட்டுல அதே கதை. திரும்பப் போனா "ஃபேன் சுத்துது சார், தெர்மோஸ்டாட் புதுசு, அப்ப ஹெட் கேஸ்கெட்தான்"னு 22,000 சொன்னாங்க. ஹெட் கேஸ்கெட்டுன்னா இன்ஜின் தலைக்கு அடியில இருக்குற சீல், அத மாத்த இன்ஜின் தலைய கழட்டணும். எங்க அப்பச்சி கேட்டுட்டு "அந்தக் காசுக்கு வீட்டு ஓட்ட மாத்தலாம்டா"ன்னாரு. எங்க கோட்டையூர் வீட்டு ஓடு நெலம அப்படி.

அப்பத்தான் டீக்கடையில ஒருத்தர் இந்தக் கடைய சொன்னாரு. போனேன். மொத நாள் போனா "இன்னைக்கு முடியாது". ரெண்டாவது நாள் "வண்டி சூடா இருக்கு, சூடா இருக்கறப்ப பாத்தா ஒண்ணும் தெரியாது, நாளைக்கு காலைல ராத்திரி முழுக்க நின்ன வண்டியா கொண்டாங்க". ஒரு ஸ்டார் கொறச்சது இதுக்குத்தான். ஆனா பின்னால யோசிச்சா அதுல நியாயம் இருக்கு.

மூணாவது நாள் காலைல 9 மணிக்கு விட்டேன். ஸ்பேனரே எடுக்கல மனுஷன். "எப்ப இருந்து?"ன்னு கேட்டாரு. தைப்பூசம்னேன். "அதுக்கு முன்னாடி வண்டியில என்ன வேலை பாத்தீங்க?" ஒண்ணும் இல்லைன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி அதையே கேட்டாரு, அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு, தீபாவளிக்கு முன்னாடி ஒரு மாடு குறுக்க வந்து பம்பர் இடிஞ்சுது, அப்ப ஒரு இடத்துல பம்பர் வேலையோட சேத்து ரேடியேட்டர் ஃபேன் மோட்டாரும் மாத்துனாங்க. அவரு "ஓ"ன்னு மட்டும் சொன்னாரு. அதுக்கப்புறம் மழை சீசன், ஏசி அவ்வளவா போடல, டவுனுக்குள்ள சின்னச் சின்ன ஓட்டம்தான், அதான் தை வரைக்கும் பெருசா தெரியல போல.

இன்ஜின் ஆறி இருக்கறப்ப மூடிய தொறந்தாரு. மூடியோட ரப்பர நகத்தால அழுத்திப் பாத்தாரு, அந்த ஸ்பிரிங் அழுத்தம் போனா தண்ணி சீக்கிரம் கொதிச்சிருமாம். தண்ணிய விரல்ல தொட்டு தேச்சாரு, லேசா செம்மண் கலர். "போர் தண்ணி ஊத்துனீங்களா?" ஊத்துனேன், வழியில ஊத்துன குடி தண்ணி போக, வந்தப்புறம் போர் தண்ணி ரெண்டு தடவ. ஒரு பார்வ பாத்தாரு பாருங்க. நம்ம பக்கம் போர் தண்ணி உப்பு, கெட்டில அடியில வெள்ளையா படியுதுல்ல, அதேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளயும் படியும், அவசரத்துக்கு ஊத்துனா அப்புறம் கண்டிப்பா கழுவணும்னாரு. அப்புறம் மூடி தொறந்தபடியே ஸ்டார்ட் பண்ணி தண்ணிய பாத்துக்கிட்டே நின்னாரு. ஹெட் கேஸ்கெட் போயிருந்தா அதுல விடாம குமிழி வரும், சைலன்சர்ல வெள்ளப் புகை வரும், ஆயில் டிப்ஸ்டிக்ல பால் கலந்த மாதிரி இருக்கும். மூணும் இல்ல. "தலைய தொடாதீங்க"ன்னாரு. 22,000 அந்த ஒரு வார்த்தையில மிச்சம்.

மூடிய போட்டாரு. ஸ்கேனர் மாட்டுனாரு, அது சின்ன ப்ளூடூத் சாமான்தான், போன்ல நம்பர் ஓடுது. 85, 88, 90. மேல ஹோஸ தொட்டுப் பாக்கச் சொன்னாரு, சூடு. கொஞ்ச நேரத்துல கீழ ஹோஸும் சூடு, அப்ப தெர்மோஸ்டாட் தொறந்து தண்ணி சுத்துது, புதுசு வேல செய்யுது, அதுல குத்தமில்ல. "நல்லவேள, வால்வ கழட்டி எறிஞ்சிட்டு ஓட்டச் சொல்லாம விட்டாங்களே"ன்னு சிரிச்சாரு, நம்ம ஊர்ல பாதி கடையில அதான் வைத்தியம். 96ல ஃபேன் ஓடுச்சு. நான் "ஃபேன் ஓடுதுண்ணே"ன்னேன். பதில் சொல்லல. 99, 101, 103. ஃபேன் பாட்டுக்கு ஓடுது, நம்பர் பாட்டுக்கு ஏறுது. ஆக்சிலேட்டர மிதிச்சு 2,000ல புடிச்சாரு. வாட்டர் பம்ப் வீக்கா இருந்தா வேகம் கூட்டுனதும் தண்ணி நல்லா சுத்தி சூடு எறங்கணுமாம். எறங்கல. அப்ப தண்ணி நல்லாத்தான் சுத்துது, காத்துதான் கெடைக்கல.

இப்பத்தான் அந்தக் காட்சி. டீக்கடையில போய் பஜ்ஜி மடிக்க வெச்சிருந்த தினத்தந்தி தாள் ஒண்ண கிழிச்சுக்கிட்டு வந்தாரு, எண்ண இல்லாத தாளா பாத்து. கார் முன்னாடி கிரில்லுக்கு கிட்ட வெச்சு கைய விட்டாரு. ரேடியேட்டருக்கு பின்னாடி இருக்குற ஃபேன் முன்னாடி இருந்து காத்த உள்ள இழுக்கணும், தாள் கிரில்லுல பச்சக்குன்னு ஒட்டிக்கணும். ஒட்டல. அவரு கையில இருந்து எகிறி என் கால்கிட்ட வந்து விழுந்துச்சு. மறுபடி வெச்சாரு, மறுபடி எகிறுச்சு. கைய வெச்சுப் பாத்தேன், கிரில்லுக்குள்ள இருந்து வெளிய சூடா காத்து வருது. அவரு எஞ்சின அமத்திட்டு என்னைய பாத்து ஒண்ணே ஒண்ணு சொன்னாரு: "ஃபேன் ஓடுதான்னு எல்லாரும் பாத்துருக்காங்க தம்பி, எந்தப் பக்கம் ஓடுதுன்னு யாரும் பாக்கல."

ஃபேன் உல்டாவா சுத்துது! மோட்டாருக்கு ரெண்டே வயர், ப்ளஸ் மைனஸ் மாத்திக் குடுத்தா எதிர்ப்பக்கம் சுத்தும். நானும் டிப்ளமோ படிச்சவன், இது தெரியாதா, தெரியும், ஆனா தோணல. வேகமா போறப்ப எதிர்காத்து தானா ரேடியேட்டர்ல அடிக்குது, ஃபேனே தேவையில்ல, அதான் ஹைவேல ஒண்ணும் தெரியல. நின்னா ஃபேன் மட்டும்தான் கதி, அது இன்ஜின் சூட்டையே திருப்பி ரேடியேட்டருக்குள்ள தள்ளுது. றெக்கையோட வளைவும் ஒரு பக்கத்துக்குன்னு செஞ்சது, திருப்பி சுத்துனா காத்தும் கம்மி. ஊர்ந்து போனா இன்னும் மோசம், முன்னாடி இருந்து வர்ற கொஞ்ச காத்தையும் இது எதுத்து நிக்குது. ஏசி ஏன் நின்னா சூடாச்சுன்னும் இதுலயே வெளங்கிருச்சு, ஏசியோட சூட்ட வெளிய விடுற கண்டன்சர் அதே காத்து வழியிலதான் ரேடியேட்டருக்கு முன்னாடி உக்காந்திருக்கு. எங்க ஐயா வெச்சிருந்த அம்பாசடர்ல ஃபேன் இன்ஜினோட பெல்ட்லயே சுத்தும், அதுல இந்தக் கூத்துக்கு வழியே இல்ல.

வயர் பக்கம் டேப்ப பிரிச்சாரு. பிசின் மாதிரி கையில ஒட்டுது. புது மோட்டார்ல வந்த சாக்கெட் இந்த வண்டிக்கு சேரல போல, அதனால வெட்டிட்டு வெறுமனே முறுக்கி கறுப்பு டேப்ப சுத்தியிருக்காங்க. வண்டிப்பக்கம் நீலமும் கருப்பும், மோட்டார்பக்கம் செகப்பும் கருப்பும், கருப்போட கருப்பு சேத்தது ஒருத்தருக்கு நியாயமாத்தான் பட்டிருக்கும், ஆனா இந்த வண்டியில எர்த்து நீலத்துல வருது. மீட்டர் வெச்சுப் பாத்து உறுதி பண்ணிட்டு, மாத்தி, முறுக்கி விடாம ஈயம் வெச்சு, மேல ஸ்லீவ் போட்டு லைட்டர்ல சுருக்கி, கடைசியா ஃபேன் கூண்டு மேல வெள்ள பெயிண்ட்ல சுத்துற திசைக்கு ஒரு அம்புக்குறி போட்டாரு. "அடுத்தவன் வந்து கெடுக்கக்கூடாதுல்ல."

மறுபடி ஸ்டார்ட். 96ல ஃபேன் ஓடுச்சு, சத்தமே வேற, ஒரு உறுமல். தாள் கிரில்லுல ஒட்டிக்கிச்சு. 95, 93, 91, டக்குன்னு ஃபேன் நின்னுச்சு. நாலு மாசமா ஓட ஆரம்பிச்சா நிக்காத ஃபேன் அது, அது நிக்காம ஓடுனதே எனக்கு ஒரு சேதியா இருந்திருக்கணும். ஏசிய ஃபுல்லா போட்டு அர மணி நேரம் ஸ்டார்ட்லயே நிப்பாட்டி வெச்சாரு, முள்ளு நகரல. நான் பக்கத்துல பணியாரமும் மொளகா சட்னியும் தின்னுக்கிட்டு போன் நம்பரையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

அன்னைக்கே போர் தண்ணிய வடிச்சு ரெண்டு தடவ கழுவி, கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊத்தி, காத்து அடச்சுக்காம இருக்க வண்டிய கொஞ்சம் ஏத்தத்துல நிப்பாட்டி குமிழி போற வரைக்கும் ஓட விட்டாரு. கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல செம்மண் தூசி, பூச்சி றெக்க, காஞ்ச வேப்பல, எல்லாம் பின்னாடி இருந்து லேசா தண்ணி அடிச்சு எடுத்தாரு. வாட்டர் சர்வீஸ்ல ப்ரெஷரா அடிச்சா அந்த மெல்லிசு தகடெல்லாம் மடங்கிரும், அப்புறம் காத்து போகாது, அடிக்க விடாதீங்கன்னாரு.

காசு: ஃபேன் வயர் வேலைக்கும் சோதிச்சதுக்கும் சேத்து 500. கழுவி கூலன்ட் ஊத்துனதுக்கு 300, கூலன்ட் நான் வாங்கிக் குடுத்தது 760. நான் கூட 500 வெச்சேன், வாங்கல, டீக்கடை கணக்க மட்டும் குடுத்துட்டுப் போங்கன்னாரு. அது 140 ரூவா, பாதி நான் தின்னது.

கொறையும் சொல்லணும். பில்லு கிடையாது, இன்சூரன்ஸ் க்ளைமுக்கு இந்தக் கடை உதவாது. உக்கார ஒரு ஸ்டூல்தான், அதுலயும் ஒரு பூன படுத்திருக்கும். மணிக்கணக்கா ஆகும், காலைல விட்டு மத்தியானம் எடுக்கலாம்னு நெனைக்காதீங்க, எனக்கு சாயங்காலம் 4 ஆச்சு. போர் தண்ணி ஊத்துனதுக்கு மூணு தடவ திட்டுனாரு, அதுல ரெண்டு தடவ அப்பச்சி முன்னாடி. டீசல் பம்ப் வேல எடுக்க மாட்டாரு, மதுரைக்குப் போங்கன்னுருவாரு. ரொம்பப் புது மாடல்ல ஸ்கேனர் படிக்கலைன்னா நேராவே சொல்லிருவாரு, நோண்ட மாட்டாரு.

போன சதுர்த்திக்கு பிள்ளையார்பட்டி போனோம், கோயிலுக்கு முன்னாடி வண்டி வரிசையில நாப்பது நிமிஷம், ஏசி போட்டபடி, வெளிய நல்ல வெயிலு. முள்ளு நடுவுல. அப்பச்சி முன்சீட்ல தூங்கிட்டாரு.

போறவங்க ராத்திரி முழுக்க நின்ன வண்டியா காலைல கொண்டு போங்க, ஞாயித்துக்கெழம பூட்டு, போன் எடுக்க மாட்டாரு. முன்னாடி என்னென்ன வேல பாத்தீங்கன்னு ஒரு தாள்ல எழுதிக்கிட்டுப் போங்க, ரெண்டு தடவ கேப்பாரு.