கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை: கூட இருந்தவன் எழுதுவது

அப்பாவுக்கு ஆஞ்சியோ, அதாவது இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. கிண்டியில் நாலு நாள் இருந்தோம். வைத்தியத்தைப் பற்றி அப்பாதான் சொல்ல வேண்டும், அவர் டிஸ்சார்ஜ் ஆகி தன் காலில் நடந்து வீட்டுக்குள் வந்தார், எனக்கு அது போதும். நான் எழுத நினைப்பது கட்டிடத்தைப் பற்றி. நோயாளி படுத்திருப்பார், கட்டிடத்தோடு மல்லுக்கட்டுவது கூட வந்தவர்தான். எக்கோ எங்கே, ரத்தம் எங்கே கொடுப்பது, மருந்து எங்கே வாங்குவது, எந்த லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் போகும் என்று அலைகிற ஆளுக்குத்தான் ஒரு மருத்துவமனை சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா இல்லையா என்று முதலில் தெரியும்.

கிண்டிக்கு முன்னால் வேறொரு பழைய அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். அங்கே புது பிளாக் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. வார்டு ஒரு பக்கம், எக்ஸ்ரே இன்னொரு பக்கம், நடுவில் தகர ஷீட் அடித்து மறைத்த பள்ளம். ஓ.பி. வேறு கட்டிடத்துக்கு மாறிவிட்டது என்பதை ஒரு ஏ4 தாளில் எழுதித் தூணில் ஒட்டியிருந்தார்கள், மழையில் பாதி எழுத்து கரைந்திருந்தது. அப்பாவை ஸ்ட்ரெச்சரில் வைத்து ஜல்லி கொட்டிய பாதையில் தள்ளிக்கொண்டு போனோம். சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் ஏறி இறங்கும்போது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார். ஒரு கையில் டிரிப்ஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையால் துண்டை அவர் முகத்துக்கு மேலே விரித்து வெயிலை மறைத்துக்கொண்டே நடந்தேன். நூறடி தூரம்தான் இருக்கும். இன்னும் மறக்க முடியவில்லை.

அங்கே இருந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நோயாளிகள் நிரம்பி வழியும் வளாகத்திலேயே இடித்து, அங்கேயே கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பது கிண்டியைப் பார்த்த பிறகுதான் முழுசாகப் புரிந்தது. 2021 ஜூனில் தென்சென்னைக்கு 500 படுக்கையில் ஒரு பன்னோக்கு மருத்துவமனை என்று அறிவித்தார்கள், பிறகு அதையே 1,000 படுக்கையாக்கினார்கள். 2022 மார்ச்சில் அடிக்கல், 2023 ஜூன் 15-ல் திறப்பு. பதினைந்து மாதம்! 230 கோடி ரூபாய் மதிப்பீடு. கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் தனியாக இடம் இருந்தது, அங்கிருந்து எந்த வார்டையும் காலி செய்யத் தேவையில்லை, யாருடைய டயாலிசிஸும் நிற்கவில்லை. வேகத்துக்குப் பெரிய காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். கீழ்ப்பாக்கம், மதுரை, கோவை மூன்று அரசு மருத்துவமனைகளிலும் பெரிய பிளாக் கட்ட ஜைக்கா என்கிற ஜப்பான் அரசின் உதவி நிறுவனம் தரும் கடனுக்கு 2016-லேயே கையெழுத்தானது. நடுவில் கொரோனாவும் வந்தது, கட்டி முடித்துத் திறக்கப் பல வருடம் ஆகிவிட்டது. ஏற்கனவே நோயாளிகள் இருக்கிற இடத்தில் கட்டுவதும் வெறும் நிலத்தில் கட்டுவதும் ஒரே வேலை இல்லை. அதனால் ஒரு பழைய மருத்துவமனையை விரிவாக்கும்போது, இடிப்பதற்கு முன்னால் நோயாளிகள் மாறிப்போக ஓர் இடத்தை முதலில் கட்டிவிட வேண்டும், கூரை போட்ட ஒரு நடைபாதையாவது போட்டுவிட்டுத்தான் கடப்பாரையைத் தூக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஆகாது. மதிப்பீட்டில் இதற்கென்று ஒரு வரி இருந்தால் போதும்.

சரி, கிண்டிக்கு வருகிறேன். மூன்று பிளாக். இதயம், சிறுநீரகம், நரம்பு, புற்றுநோய், இரைப்பை குடல் என்று உயர் சிறப்பு வைத்தியத்துக்கான இடம் இது, காய்ச்சல் சளிக்குப் போகிற இடம் இல்லை, அதைத் தெரிந்துகொண்டு போனால் அலைச்சல் மிச்சம். எனக்கு முதலில் பிடித்தது லிஃப்ட். கட்டிலோடு ஆளை உள்ளே தள்ளி, கூட இரண்டு பேர் நிற்க முடிந்தது. வழவழவென்ற தரையில் ஸ்ட்ரெச்சர் சத்தமே இல்லாமல் போனது. முந்தைய இடத்தில் பல்லைக் கடித்த அதே மனுஷன் இங்கே படுத்தபடியே கூரை விளக்குகளை எண்ணிக்கொண்டு வந்தார். அறிவிப்புப் பலகைகள் தமிழில், தூரத்திலிருந்தே படிக்கிற அளவில். திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்திருந்த ஓர் அக்கா, கணவருக்கு சிறுநீரகக் கோளாறு, என்னிடம் சொன்னார்: "இங்க வந்ததுக்கப்புறம் யாரையும் வழி கேக்கல தம்பி." எனக்கு அது பெரிய பாராட்டாகப் பட்டது. எழுதப் படிக்கக் கொஞ்சம்தான் தெரிந்தவர் அவர்.

கிண்டி மருத்துவமனை நிற்கிற கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தின் கதையும் தெரிந்திருந்தால் நல்லது. 1899-ல் அம்மை குத்துகிற மருந்துக்காகத் தொடங்கிய நிலையம் அது, அன்றைய சுகாதார அதிகாரி கர்னல் கிங் பெயரில். பக்கத்திலேயே முதியோருக்கான தேசிய மையம். கட்டி முடித்த கையோடு 2020-ல் கொரோனா ஆஸ்பத்திரியாக மாற்றினார்கள், பாதிச் சென்னைக்கு அந்தப் பெயர் அப்போதுதான் தெரிந்தது. எங்கள் தெருவிலிருந்தே மூன்று பேர் அங்கே இருந்து பிழைத்து வந்தார்கள். 2024 பிப்ரவரியில்தான் அது 200 படுக்கையோடு முதியோருக்கென்றே திறந்தது. இப்படி ஒரே வளாகத்தில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வளர்வது எனக்குப் பிடித்திருக்கிறது. ஓமந்தூரார் தோட்டத்தில் சட்டமன்றத்துக்காக எழுப்பிய வட்டக் கட்டிடத்தை 2014-ல் மருத்துவமனையாக்கினார்கள், அதனால் பயனடைந்தவர்கள் ஏராளம், ஆனாலும் மருத்துவமனைக்கென்றே வரைபடம் போட்டுக் கட்டியதில் நடக்கும்போது வித்தியாசம் தெரிகிறது. சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே இருக்கிற ஜி.எச்., அதாவது அரசு பொது மருத்துவமனை, 1772-லிருந்து அதே இடத்தில். அங்கே பழையதை எடுத்துவிட்டு இரண்டு டவர் பிளாக் எழுப்பினார்கள், இருந்தும் கூட்டம் குறையவில்லை. மாநிலம் முழுக்க, பக்கத்து மாநிலத்திலிருந்தும் அங்கேதானே வருகிறார்கள். அதில் கொஞ்சத்தைக் கிண்டி தன் தோளில் வாங்கிக்கொண்டாலே நல்லது.

இனி வேண்டியது என்று கேட்டால், இது எல்லா அரசு மருத்துவமனைக்கும் பொருந்தும்: கூட இருப்பவர்களுக்கு இடம். எத்தனை படுக்கை என்று சொல்கிறோம், ஒரு படுக்கைக்கு ஓர் ஆள் என்றாலும் ஆயிரம் படுக்கைக்கு ஆயிரம் பேர் ராத்திரி எங்கே தலை சாய்ப்பது, எங்கே குளிப்பது, துணியை எங்கே காயப்போடுவது? விரிவாக்கம் என்று திட்டம் போடும்போதே இதையும் வரைபடத்தில் சேர்க்க வேண்டும். அப்புறம் பராமரிப்பு. புதுக் கட்டிடம் முதல் இரண்டு வருடம் எல்லா இடத்திலும் அழகாகத்தான் இருக்கும், ஐந்தாவது வருடத்தில் அந்த லிஃப்ட் ஓடுகிறதா, கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். திறப்பு விழாவுக்கு ஒதுக்குகிற அக்கறையில் பாதியைத் துப்புரவுப் பணியாளர்களின் எண்ணிக்கைக்கும் சம்பளத்துக்கும் ஒதுக்கினால் இந்தக் கட்டிடம் முப்பது வருடம் உழைக்கும். எங்கள் வார்டைத் துடைத்த அம்மா காலை ஆறு மணிக்கே கட்டிலுக்கு அடியில் குனிந்து துடைத்ததை நாலு நாளும் பார்த்தேன்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். போகிறவர்களுக்கு: கிண்டி ஸ்டேஷனில் இறங்கி நோயாளியை நடத்திக் கூட்டிப் போகப் பார்க்காதீர்கள், ஆட்டோ பிடியுங்கள். பழைய கேஸ் ஷீட், ஈ.சி.ஜி. எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போடுங்கள், ஆதார், ரேஷன் அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ். ஒரு பாயும் போர்வையும் உங்களுக்கு.